குற்றத் தடுப்பும் உள்ளூர்க் கூட்டுறவும்: கம்பளைப் பெரஹரா வழக்கை முன்னிறுத்திய சில குறிப்புகள்

கம்பளையிலுள்ள வலஹாகொட தேவாலையின் எசல பெரஹரா 1912ஆம் ஆண்டு வழமைபோல் வீதிவலம் வரவில்லை. அம்பகமுவ வீதியில் 1907ஆம் ஆண்டளவில் எழுந்திருந்த பள்ளிவாசலுக்கு இருபுறமும் நூறு யார் தூரத்துக்கு மேளவாத்தியங்களை நிறுத்திச் செல்லவேண்டும் என்னும் நிபந்தனையுடனேயே அதிகாரிகள் அனுமதிப்பத்திரம் வழங்க முன்வந்தனர். தேவாலையின் பஸ்நாயக்க நிலமே அந்நிபந்தனையை ஏற்க மறுத்தார். விவகாரம் கண்டி மாவட்ட நீதிமன்றத்துக்குச் சென்றது. இலங்கையிற் போர்த்துக்கேயர் காலம் பற்றிய வரலாற்றாசிரியராகவும் நாம் நன்கறிந்த போல் ஈ. பீரிஸ் அப்பொழுது அங்கு நீதிபதியாக இருந்தார். 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் வாசகம் பௌத்த சமயத்தையும் அதன் சடங்குகளையும் பேணுவதாக அளித்த உறுதியை ஆதாரமாகக் கொண்டு 1914 ஜூன் மாதத்தில் அவர் தேவாலைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஒப்பந்தத்தைப் பின்வந்த சட்டவாக்கம் மேவி நிற்கும் என்பது உச்ச நீதிமன்றத்தின் கருத்து. அதன்பின் நான்கு மாதங்கள் கழியுமுன்னரே, மே 28ஆந் திகதி வெசாக் இரவில், கண்டி காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலின் முன்னே கலகம் மூண்டது.

இவ்வழக்கு சட்ட வரலாற்றிலும் தேசிய இயக்க வரலாற்றிலும் பலமுறை எடுத்துப் பேசப்பட்டதே. எனினும் அதனை வேறொரு நோக்கில் மீள அணுகவேண்டிய தேவை இப்பொழுது ஏற்பட்டுள்ளது. குற்றத்தைக் குறைப்பதும் சமூகத்தின் பாதுகாப்பை உறுதிசெய்வதும் பொலிசாரின் தனிப்பொறுப்பல்ல. உள்ளூராட்சி மன்றங்கள், சமய நிறுவனங்கள், வர்த்தகர், குடிமக்கள் ஆகியோரின் கூட்டுப்பொறுப்பே அது என்னும் கருத்து கடந்த சில தசாப்தங்களாக உலகெங்கும் பரவிவருகின்றது. பிரித்தானியாவில் 1998ஆம் ஆண்டின் குற்றமும் ஒழுங்கீனமும் பற்றிய சட்டம் பொலிசாரும் உள்ளூராட்சி மன்றங்களும் இணைந்து செயற்படுவதைக் கட்டாயமாக்கியது. நமது நாட்டிலும் சிவில் பாதுகாப்புக் குழு, பிரஜா பொலிஸ் குழு என்னும் பெயர்களில் இக்கருத்து கிராம சேவகர் பிரிவுவரை வந்து சேர்ந்துள்ளது. அண்மையிற் கண்டுபிடிக்கப்பட்ட நிர்வாக உத்திபோல இது அறிமுகப்படுத்தப்படுவதுதான் வரலாற்று மாணவரை வியக்கவைப்பது. ஏனெனில் கண்டிச் சீமையை ஆண்ட காலனித்துவ அரசு முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக உள்ளூர்ப் பங்காளிகளைக் கொண்டே காவல் நடத்தியது. பங்காளிகள் யார், எது குற்றமெனக் கொள்ளப்பட்டது, அக்கூட்டுக்குப் புறத்தே நின்றவர் எவர் என்பவையே நாம் கேட்கவேண்டியவை.

பிரித்தானியர் கண்டியைக் கைப்பற்றியபோது அங்கு சம்பளம் பெறும் காவற்படை என ஒன்று இருக்கவில்லை. ரட்டே மஹத்தயா, கோறளை, ஆராய்ச்சி, விதானை என இறங்கிவரும் தலைமைக்காரர் வரிசையும், ஊர்ப் பெரியோர் கூடி வழக்குத் தீர்க்கும் கன்சபா முறையும் நிலமானிய அமைப்பின் அங்கங்களாக விளங்கின. புதிய அரசு இவற்றுள் தனக்குப் பயன்படுவனவற்றை வைத்துக்கொண்டது. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் கீழ்ச் சம்பளப் பொலிஸ் அமைக்கப்பட்டபோதும் அது பெரும்பாலும் நகரங்களோடு நின்றுவிட்டது. கிராமங்களிற் கள்வனைப் பிடிப்பதும் அழைப்பாணை கொடுப்பதும் சம்பளமற்ற தலைமைக்காரரின் கடமையாயின. 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயங்கள் கட்டளைச் சட்டம் கன்சபா முறைக்குப் புத்துயிர் கொடுத்தபோது அதனைத் தொன்மை மீதான பற்றாகச் சிலர் போற்றினர். மலிவான நிர்வாகம் என்பதே அதன் உண்மையான கவர்ச்சி. சம்பளமற்ற அதிகாரி தன் ஊதியத்தை அதிகாரத்திலிருந்தே பெற்றுக்கொள்வான் என்பது விளக்கவேண்டாத உண்மை.

தோட்டங்களின் நிலைமை வேறு. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியிற் கோப்பித் தோட்டம் திறந்தது இலங்கைப் பெருந்தோட்ட வரலாற்றின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் அத்துமீறல் கட்டளைச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்டமுடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுக்குரியன என அனுமானித்தது. நேற்றுவரை விறகு பொறுக்கிய, மாடு மேய்த்த, சேனை செய்த குடியானவன் இதனால் அத்துமீறுவோன் ஆனான். ரைன்லாந்துச் சட்டமன்றம் விறகுத் திருட்டுப் பற்றி நடத்திய விவாதத்தை விமரிசித்து இளம் மார்க்ஸ் 1842ஆம் ஆண்டு எழுதிய கட்டுரைகளை இவ்விடத்து நினைவுகூரலாம். வழமையுரிமை திருட்டாக மறுபெயரிடப்படும் கணத்தை அவர் அங்கு கண்டார். இங்கிலாந்தின் 1723ஆம் ஆண்டுக் கறுப்புச் சட்டத்தை ஆராய்ந்த ஈ. பி. தொம்சன் 1975இல் வெளிவந்த தமது நூலில் அதே நிகழ்வை வேறொரு களத்திற் காட்டினார். ரைன்லாந்திலும் இங்கிலாந்திலும் நிகழ்ந்தது கண்டி மலைகளிலும் நிகழ்ந்தது. இங்கு சட்டம் இயற்றியோர் சிலர் தாமே தோட்டச் சொந்தக்காரராகவும் இருந்தமை ஒரு சிறு வேறுபாடு.

1854இல் கண்டியில் அமைந்த தோட்டச் சொந்தக்காரர் சங்கம் ஓயாது முறையிட்ட விடயங்களுள் ஒன்று கோப்பிக் களவு. கிராமத்தவரும் தொழிலாளரும் கோப்பிப் பழங்களைக் களவாடிக் கடைவீதி வியாபாரிகளிடம் விற்பதாகவும், சாதாரண சட்டம் அதனைத் தடுக்கப் போதாதெனவும் அவர்கள் வாதாடினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதற்கெனத் தனிச்சட்டம் வந்தது. சந்தேகத்துக்கிடமான வகையிற் கோப்பி வைத்திருப்பவன் அது தன்னிடம் வந்த வழியைக் காட்டவேண்டியவனானான். தன் வீட்டுக் கொல்லையில் நாலு கோப்பி மரம் வைத்திருந்த கண்டிக் குடியானவனின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். குற்றத் தடுப்பு என்னும் சொல் இம்மலைகளில் முதன்முதலாக முழுவேகத்துடன் ஒலித்தது ஏற்றுமதிப் பண்டத்தைக் காப்பதற்காகவே.

தொழிலாளர் விடயத்திற் குற்றம் என்பதன் எல்லை இன்னும் அகன்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் கட்டளைச் சட்டத்தின்படி வேலை ஒப்பந்தத்தை மீறுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தோட்டத்தை விட்டு அறிவித்தலின்றிச் சென்ற தொழிலாளி கடன்காரன் மட்டுமல்லன், குற்றவாளியும் ஆவான். பெரிய கங்காணியின் கடன் ஏடும், அக்கடன் தொகையை எழுதிய துண்டும் அவனைப் பிணைத்தன. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஒப்பந்த மீறலுக்கான குற்றத் தண்டனையும் அதனையடுத்து நீங்கியது. அதுவரை தோட்டத்தின் காவற் கூட்டுறவு துரை, பெரிய கங்காணி, அண்மை நகரத்துப் பொலிஸ் நிலையம் ஆகிய மூன்று முனைகளைக் கொண்டு இயங்கியது. இவற்றுள் அன்றாடம் தொழிலாளியின் கண்முன் நின்றவன் கங்காணியே. பிரட்டுக்களத்திற் பெயர் அழைப்பவனும், லயத்துச் சண்டையை விலக்குபவனும், ஓடிப்போனவனைத் தேடிச் செல்பவனும் அவனே. உறவினனாகவும் சாதித் தலைவனாகவும் கடன் கொடுத்தோனாகவும் காவலனாகவும் ஒருவனே விளங்கிய இவ்வமைப்பில் அடக்குமுறை பாசத்தின் மொழியைப் பேசிற்று. மலையக நாட்டார் பாடல்களில் கங்காணியைச் சுட்டும் இடங்களில் உறவுமுறை விளியும் வசையும் அடுத்தடுத்து வருவதை இலக்கிய ஆய்வாளர் வெறும் உணர்ச்சிக் கலவையாகக் கொள்ளலாகாது. ஓர் உற்பத்தி உறவின் இரு முகங்கள் அங்கு பேசுகின்றன.

கிராமத்தில் தலைமைக்காரன், தோட்டத்தில் துரையும் கங்காணியும், நகரத்திற் சிறு பொலிஸ் என மூன்று காவல் ஆட்சிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டும் கலவாமலும் நின்றன. அவை சந்தித்த இடம் கடைவீதி. கண்டிக்கு 1867இல் வந்த புகையிரதப் பாதை கம்பளையூடாக 1874இல் நாவலப்பிட்டியை அடைந்தபின் கம்பளைக் கடைவீதி பெருத்தது. பதினான்காம் நூற்றாண்டில் அரசிருக்கையாக விளங்கிய இவ்வூர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரிசி, புடைவை, கருவாடு, கடன் ஆகியவற்றின் சந்தையாக மறுபிறவி எடுத்தது. இச்சந்தையில் மேலோங்கியவர்களுட் கரையோர முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய தமிழகத் துறைமுக ஊர்களிலிருந்து வந்த, தமிழ் பேசிய வணிகர் அவர்கள்.

கண்டிச் சோனகரிலிருந்து இவர்களைப் பிரித்தறிதல் அவசியம். கண்டி மன்னர் காலத்திலேயே உள்நாட்டிற் குடியேறிய சோனகர் மடிகே பத்த எனப்பட்ட பொதிமாட்டுப் போக்குவரத்துப் பிரிவில் அரச ஊழியம் செய்தனர். நிலமானிய அமைப்பினுள் அவர்களுக்கு ஓரிடம் இருந்தது. கம்பளையை அடுத்த கஹட்டப்பிட்டியப் பள்ளிவாசலும் அந்தப் பழைய உறவுலகத்தைச் சேர்ந்தது. அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலோ வேறொரு உலகத்தின் விளைவு. அதனைக் கட்டிய வணிகருக்குத் தேவாலையுடன் நிலவுறவும் ஊழிய உறவும் இல்லை. பழைய உறவு இருந்த இடத்திற் பழைய விட்டுக்கொடுப்பும் இயலும். பணவுறவு மட்டுமே உள்ள இடத்தில் அனுமதிப்பத்திரமும் வழக்கறிஞரும் வேண்டியவராகின்றனர். பெரஹரா வழக்கைச் சமயப் பிணக்கு என்று மட்டும் காண்போர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர்.

1970இல் குமாரி ஜயவர்தன வெளியிட்ட ஆய்வு 1915ஆம் ஆண்டுக் கலகத்தின் பொருளாதாரப் பின்னணியைத் தெளிவுபடுத்தியது. உலகப் போர் தொடங்கியதும் விலைகள் ஏறின. பதுக்கல் பற்றிய குமுறல் பரவிற்று. கிராமத்துக் கடையிற் கடன்பட்டவனுக்கு விலையேற்றத்தின் முகமாகக் கடைக்காரனே தோன்றினான். வளர்ந்துவந்த சிங்கள வர்த்தகர் தம் போட்டியாளரை அந்நியராகச் சித்திரித்தனர். அநகாரிக தர்மபாலவின் எழுத்துக்களில் அந்தச் சித்திரிப்பு கூர்மையடைந்தது. இவை யாவும் ஒப்புக்கொள்ளத்தக்கவை. ஆயினும் நம் போன்றோர் இதனோடு அமைந்துவிடுவது போதாது என்றே கருதுகிறோம். விலையேற்றத்துக்கு உண்மைக் காரணராயிருந்த ஏற்றுமதி இறக்குமதிக் கம்பனிகளையும் வங்கிகளையும் எவரும் தாக்கவில்லை. கோபம் ஏன் பெட்டிக்கடையில் வந்து நின்றது என்பதற்குப் பொருளாதாரம் பாதி விடையையே தரும். மீதியை, அக்கோபத்துக்கு மொழியும் பாதையும் அமைத்துக்கொடுத்த கருத்தியலிலும், அதனைத் தடுக்கவேண்டிய காவல் அமைப்பின் இயல்பிலும் தேடவேண்டியுள்ளது.

கலகத்துக்கு முந்திய தசாப்தத்தில் இலங்கையில் உண்மையாகவே உள்ளூர் மக்கள் தாமாக ஒன்றுகூடிக் குற்றத்தைக் குறைக்க முயன்ற இயக்கம் ஒன்று இருந்தது. 1904இலும் மீண்டும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கமே அது. கலால் வருமானத்துக்காக அரசு சாராயக் கடைகளிலிருந்து கள்ளுக் கடைகளைப் பிரித்து நாடெங்கும் புதிய தவறணைகளைத் திறக்க முற்பட்டபோது ஊர்கள் தோறும் சங்கங்கள் அமைந்தன. குடியும் சண்டையும் கொலையும் ஒன்றையொன்று தொடர்வதைக் கிராமத்தவர் நேரே கண்டறிந்திருந்தனர். குற்றம் பெருகுவதாக முறையிட்ட அதே அரசு, குற்றத்தைப் பெருக்கும் பண்டத்தை ஏலத்தில் விற்று வருவாய் தேடியது. தோட்டங்களின் எல்லையில் அமைந்த தவறணைகள் தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் திறைசேரிக்கு மீட்டுக்கொடுத்தன. மதுவிலக்குச் சங்கங்களை அரசு பங்காளிகளாகக் கொள்ளவில்லை. அவற்றை ஐயக்கண்கொண்டு நோக்கியது. 1915இல் இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டதும் டி. பி. ஜயதிலக்க, டபிள்யூ. ஏ. டி சில்வா, எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க முதலிய மதுவிலக்குத் தலைவர்களையே சிறையிலடைத்தது. மக்கள் அமைத்த கூட்டு சதியாகத் தோன்றிற்று. அரசு அமைத்த கூட்டே சமூகமாகக் கொள்ளப்பட்டது. இயக்கத்தின் தலைமை உடைமை வர்க்கத்தினரிடம் இருந்ததும், அவர்களுட் சிலரின் குடும்பச் செல்வம் சாராயக் குத்தகையோடு தொடர்புற்றிருந்ததும், இயக்க மேடைகளில் அந்நிய எதிர்ப்பு முஸ்லிம் எதிர்ப்பாகச் சில வேளைகளில் வழுவியதும் மறைக்கத்தக்கன அல்ல. இவற்றையும் மனங்கொண்டே மேற்கூறியதைச் சொல்கிறோம்.

வெசாக் இரவின் நிகழ்ச்சிகள் நன்கறியப்பட்டவை. பக்திப் பாடல் பாடிச் சென்ற கூட்டத்துக்கும் காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலில் நின்றோருக்கும் இடையில் நள்ளிரவு கழிந்து மோதல் ஏற்பட்டது. ஒழுங்கு காக்க அங்கு நின்ற பொலிசார் மிகச் சிலர். மறுநாட் கடைகள் சூறையாடப்பட்டன. கண்டியைச் சூழ்ந்த ஊர்களுக்கும், பின்னர்ப் புகையிரதப் பாதை வழியே கொழும்புக்கும் கலகம் பரவியது. உத்தியோகபூர்வமான கணக்கின்படி முஸ்லிம்கள் 25 பேர் கொல்லப்பட்டனர். 189 பேர் காயமுற்றனர். 4,075 கடைகள் கொள்ளையிடப்பட்டன. 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. 86 பள்ளிவாசல்கள் சேதமடைந்தன. இவ்வெண்களை முதலிற் கூறவேண்டும் என்பதில் நாம் உறுதியாக உள்ளோம். ஏனெனில் 1915 பற்றிய நமது வரலாற்றெழுத்து பெரும்பாலும் அடுத்து நிகழ்ந்த அடக்குமுறையிலிருந்தே தொடங்குகிறது. கடையிழந்தவனும் உயிரிழந்தவனும் அவ்வெழுத்தில் முன்னுரையாகச் சுருங்கிவிடுகின்றனர்.

அடக்குமுறையின் கொடுமை அதனாற் குறைந்துவிடாது. தேசாதிபதி ரொபேட் சால்மேர்ஸ் ஜூன் 2ஆந் திகதி பிரகடனம் செய்த இராணுவச் சட்டம் ஓகஸ்ட் 30 வரை நீடித்தது. கலகம் அடங்கிய பின்னரே அது தன் முழு உருவைக் காட்டிற்று. பஞ்சாப் சிப்பாய்களோடு ஐரோப்பியத் தொண்டர் படையினரும் துப்பாக்கியேந்தி ஊர்களுக்குட் சென்றனர். கம்பனி உத்தியோகத்தரும் தோட்டத்துரைகளும் ஒரே இரவிற் காவலராயினர். விசாரணையின்றிச் சுடப்பட்டோர் உண்டு. செல்வந்த இளைஞரான ஹென்றி பேத்ரிஸ் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் காவியுடையுடன் பிக்கு ஒருவர் கண்டியிற் சுடப்பட்டதை நினைவில் வைத்திருந்த மக்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல.

நமது நோக்குக்கு முக்கியமானது நட்டஈடு திரட்டிய முறை. 1915ஆம் ஆண்டின் கலக நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் கலகம் நடந்த பகுதிகளின் சிங்கள மக்கள்மீது கூட்டாகப் பொறுப்பைச் சுமத்தியது. கலகத்தில் ஈடுபட்டவனும், அண்டைக் கடைக்காரனைத் தன் வீட்டில் ஒளித்துக் காத்தவனும் ஒரே பட்டியலில் இடம்பெற்றனர். தலைமைக்காரர் மூலம் ஊரார் கூட்டப்பட்டு, துப்பாக்கி முன்னே பணம் தருவதாக ஒப்புக்கொள்ள வைக்கப்பட்டதைப் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையிற் கடுமையாகக் கண்டித்தார். அவருடைய நூல் 1916இல் இலண்டனில் வெளிவந்தது. இந்தியாவில் 1861ஆம் ஆண்டுப் பொலிஸ் சட்டம் குழப்பம் நிகழ்ந்த இடத்தில் மேலதிகப் பொலிசை நிறுத்தி அதன் செலவை அவ்வூரார்மீது சுமத்த வழிசெய்திருந்தது. தனிமனிதப் பொறுப்பே தமது நீதியின் அடித்தளம் எனப் போதித்த ஆட்சியாளர், கீழைத்தேயத்தவர் விடயத்தில் ஊரையே குற்றவாளியாக்கத் தயங்கவில்லை. ஊரென்னும் கூட்டுக்கு அதிகாரம் மறுக்கப்பட்டது. தண்டம் மட்டும் தடையின்றிப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இராமநாதனின் துணிவு ஐயத்துக்கிடமற்றது. ஆனால் அவருடைய உரைகளைப் படிக்கும் முஸ்லிம் வாசகர் வேறொன்றையும் காண்பார். 1888இற் சோனகர் இனவழியில் தமிழரே என அவர் வாதித்ததும், 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு எழுதியதும் ஏற்கெனவே நிகழ்ந்திருந்தன. அந்த மனக்கசப்பின்மீது 1915 வந்து விழுந்தது. கொழும்பு மேற்றட்டினரின் கூட்டுணர்வு சிங்களத் தலைவர்களைக் காத்தது. கம்பளைக் கடைவீதியிற் சூறையாடப்பட்ட தமிழ் பேசும் வணிகனுக்கு அக்கூட்டுணர்வில் இடமிருக்கவில்லை. தமிழ் பேசும் மக்கள் என்னும் பிற்காலத் தொடர் இத்துணை பலவீனமாக ஏன் ஒலித்தது என வினவுவோர் இவ்விடத்தைத் தாண்டிச் செல்லல் இயலாது.

அடுத்துவந்த காலத்தைச் சுருக்கமாகவே நோக்கலாம். சம்பளப் பொலிஸ் படிப்படியாகக் கிராமங்களுக்கும் சென்றது. தோட்டங்களில் 1930களிலிருந்து தொழிற்சங்கம் நுழைந்தது. அதனையும் குற்றமாகவே முதலிற் கண்டனர். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்திற் பேசிய பிரேஸ்கேர்டிலை நாடுகடத்த அதே மாதம் ஆணை பிறந்தது. 1940 ஜனவரி 10ஆந் திகதி முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். அவ்வாண்டிலேயே இலங்கை இந்தியக் காங்கிரசின் முதல் மாநாடு கம்பளையிற் கூடியது. சங்கம் வேரூன்றியபின் லயங்களின் உள்விவகாரங்களிற் கங்காணியின் இடத்தைப் படிப்படியாகத் தோட்டத் தலைவரும் தோட்டக் கமிட்டியும் பெற்றனர். குடும்பச் சண்டை, கடன் தகராறு, கோயில் திருவிழாவின் முதன்மை பற்றிய பிணக்கு ஆகியன அங்கேயே பேசித் தீர்க்கப்பட்டன. பொலிஸ் நிலையத்துக்குச் சென்றால் மொழி தெரியாத எழுத்தரிடம் முறைப்பாடு கொடுக்கவேண்டும் என்பது தொழிலாளர் நன்கறிந்த உண்மை. தலைவரிடமும் பாரபட்சம் உண்டு. பெண்கள்மீதான வன்முறை பல வேளை அங்கு குடும்ப விடயமாக மூடப்பட்டது. ஆயினும் தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த ஒருவர் தமது மொழியில் வழக்குக் கேட்டமை மலையக வரலாற்றில் ஒரு மாற்றமே.

அரசு அமைத்த உள்ளூர் மன்றங்களோ இம்மக்களை எல்லைக்கு வெளியே நிறுத்தின. 1937-38இற் கிராமச் சங்கங்களின் வாக்குரிமை விரிவாக்கப்பட்டபோது தோட்டத்து இந்தியத் தொழிலாளர் விலக்கப்பட்டனர். இந்திய அரசு ஆட்சேபித்ததும் சட்டத்தின் சொற்கள் திருத்தப்பட்டன; இனப்பெயர் நீங்கித் தோட்டத் தொழிலாளர் என்னும் பொதுப்பெயர் வந்தது. விலக்கு மட்டும் நீங்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அதனை நாடளாவியதாக்கியது. 1958ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அமைத்த இணக்க சபைகள், சிறு குற்றங்களையும் தகராறுகளையும் ஊர்மட்டத்திலேயே தீர்க்க முயன்ற முற்போக்கான ஏற்பாடு. நியமனங்களில் அரசியற் செல்வாக்கு மிகுந்ததென்னும் குறைகூறலின் மத்தியில் அவை 1978இல் ஒழிக்கப்பட்டன. பத்தாண்டுகளின்பின் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளை அமைத்தது. அவை இன்றும் பல சிறு வழக்குகளைச் செலவின்றித் தீர்த்துவருகின்றன. அயலவர் இருவரின் வேலித் தகராறுக்கு அவை ஏற்றவை. ஆனால் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் மலையகத் தமிழர் எதிர்கொண்டது வேலித் தகராறு அன்று. 1977 ஓகஸ்டில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டோரிற் பெருந்தொகையினர் வவுனியாவை நோக்கி நடந்தனர். அந்நிகழ்ச்சிகளைச் சன்சோனி ஆணைக்குழு விசாரித்தது. தாக்க வந்தவர்களுள் அண்டைக் கிராமத்தவர் இருந்தனர் என்பதும், அதே கிராமத்தவர் சிலர் தமிழ்க் குடும்பங்களை மறைத்து வைத்து உணவளித்தனர் என்பதும் ஒருங்கே உண்மை. எந்தக் குழுவும் அமைத்துக் கொடுக்காத பாதுகாப்பு அது.

தமிழகத்தின் அனுபவம் ஒன்றையும் இங்கு ஒப்புநோக்கலாம். 1993இல் இராமநாதபுரத்திற் காவல்துறை நண்பர்கள் குழு என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது. மக்களுக்கும் காவல்துறைக்கும் இடைவெளியைக் குறைப்பதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. அது மாநிலமெங்கும் பரவிற்று. 2020 ஜூனிற் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகக் கூறி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் காவல்துறையினரின் சித்திரவதையால் மாண்டபோது, அக்குழுவைச் சேர்ந்தோர்மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே தமிழக அரசு அக்குழுவைத் தடைசெய்தது. கண்காணிக்க வேண்டியவன் துணைக்கையாக மாறிவிடும் அபாயம் கண்டிக்கு மட்டும் உரியதல்ல.

2018 மார்ச் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்கள்மீது வன்முறை ஏவப்பட்டது. வீதிச் சச்சரவொன்றிற் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவரின் மரணம் அதற்குச் சாட்டாயிற்று. கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீடொன்றிற் சிக்கி முஸ்லிம் இளைஞர் ஒருவர் மாண்டார். மார்ச் 6ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. நூற்று மூன்று ஆண்டுகளுக்கு முன் புகையிரதப் பாதை செய்த வேலையை இம்முறை கைத்தொலைபேசி செய்தது. பாதுகாப்புப் படையினர் சிலரே தாக்குதலிற் பங்குகொண்டனர் என்னும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. சில இடங்களிற் பிக்குகளும் அயலவரும் பள்ளிவாசல்களுக்குக் காவல் நின்றனர் என்னும் செய்திகளும் வந்தன. காவற் குழுக்கள் பற்றிய சுற்றறிக்கைகள் யாவும் கள்வனையும் போதைப்பொருள் விற்பவனையும் மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. ஊரே இரண்டாகப் பிளந்து ஒரு பாதி மறுபாதியைத் தாக்க வரும்போது சமூகம் என அவை விளிப்பது எந்தப் பாதியை என்பது எழுதப்படவில்லை. 1912இல் அம்பகமுவ வீதியிலும் அரசு எதிர்கொள்ள மறுத்தது அதே கேள்வியைத்தான். நூறு யார் தூரத்தை அளந்து அனுமதிப்பத்திரத்தில் எழுதுவதன் மூலம் அதனைத் தீர்த்துவிட்டதாக அது கருதியது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் அச்சபைகளுக்கு வாக்களித்தனர். அவர்களிடையே இருந்து உறுப்பினர் தெரிவாயினர். ஆயினும் லயத்துக்குச் செல்லும் பாதைக்கு ஒரு மின்விளக்குப் போட அவ்வுறுப்பினரால் இயலவில்லை. இருளில் வேலைமுடிந்து திரும்பும் பெண்ணுக்கு அவ்விளக்கு எத்துணை காவல் என்பதைக் கம்பளையைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்வோர் அறிவர். அப்பிரிவு திருத்தப்பட்டது 2018இலேயே. திகன எரிந்த அதே ஆண்டில்.